செங்கல்லை விட்டுவிட்டுப் போன திருடன்

"சுவரைத் திருடறவன் எப்படிப்பட்ட ஆளா இருப்பான், ரஜப்?"

சங்கோப் கோட்டைக்குப் போகும் ஆட்டுப்பாதையில் பாதி ஏறியிருந்தோம். எனக்கு மூச்சு வாங்கியது. என் முதலாளியம்மா ஸபோஹத் அபாவுக்கு வாங்கவில்லை. அபா என்றால் அக்கா. ஹுஜந்த் நகரப் போலீஸில் காலமெல்லாம் கொலை வழக்குகளைத் துருவிவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். இப்போது பஞ்சகெந்த் சந்தைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு, காணாமல் போனவற்றைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறார். நான் அவருக்கு டிரைவர், உதவியாளர், அவர் பாஷையில் சொன்னால் ஓயாத வாய்.

"முதுகு பலமான ஆளா இருப்பான், அபா," என்றேன். "அதோட, திருடின சுவரைச் சாய்ச்சு வைக்க அவன் வீட்ல ஏற்கெனவே ஒரு சுவர் இருக்கணும்."

"வாயைக் குறை. மூச்சு மிச்சமாகும்."

கோபுரத்தின் நிழலில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவர் கோட்டைக் காவலாளி மிர்ஸோவலி அமக். பெரியவர்களை நாங்கள் அமக், அதாவது சித்தப்பா, என்போம். ஒல்லியான உடம்பு, வெள்ளைப்பூ தைத்த கறுப்புத் தொப்பி, இடுப்பில் சாவி வளையம். பக்கத்தில் நின்றவள் அவர் மகள் ஸும்ராத். முந்தின நாள் எங்கள் அறைக்கு வந்து, ஒரு பை உலர்ந்த முசுக்கட்டைப் பழத்தை மேஜைமேல் வைத்து, "எங்கப்பா திருடல. அதை நீங்க நிரூபிச்சுக் குடுக்கணும்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனவள் அவள்தான்.

விஷயம் சுருக்கமானது. போன மாதம் தலைநகரிலிருந்து புராதனச் சின்னங்களை ஆராய்கிறவர்கள் வந்தார்கள். அவர்கள் கையில் ஒரு பழைய போட்டோ இருந்தது. அதில் கோட்டையின் மேற்குச் சுவர் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றது, நடுவில் வளைவான ஒரு மாடம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் சாமானி அரசர்கள் காலத்தில் இங்கே இருந்த பள்ளிவாசலின் தொழுகைச் சுவர் அது என்று அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். கண்டுபிடித்ததைக் கண்ணால் பார்க்க மலை ஏறினால், சுவர் இருந்த இடத்தில் முழங்கால் உயர மண்மேடு. ஆடு ஒன்று அதைத் தாண்டிக் குதித்ததாம்.

கோட்டை வாசலுக்குச் சாவி ஒன்று, காவலாளி ஒருவர், ஆகவே திருடனும் ஒருவர்தான் என்று ஊர் கணக்குப் போட்டுவிட்டது. மேற்கே எங்கோ பழங்கால பாணியில் ஓட்டல் கட்டுகிற பணக்காரனுக்கு அவர் சுவரை விற்றுவிட்டார் என்று பேச்சு. இன்று பிற்பகல் தொழுகை முடிந்ததும் அவரை அழைத்துப்போக லெப்டினன்ட் ஜீப்போடு வருகிறார். அது போதாதென்று, ஸும்ராத்துக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டார் முறித்துக்கொண்டார்கள்.

நானும் அவரைத் திருடர் என்றே முடிவு கட்டியிருந்தேன். இரண்டு நாள் தாடியும் கவிழ்ந்த முகமுமாக அப்படித்தான் தெரிந்தார்.

"அமக், லாரியை எந்தப் பக்கம் ஏத்தினீங்க?" என்று கேட்டேன். "முன்னாடியே சொல்லியிருந்தா நாங்களும் அந்த வழியா சொகுசா வந்திருப்போமே."

அவர் என்னைப் பார்த்தார். ஸும்ராத்தும் பார்த்தாள். அவள் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சிரித்து வைத்தேன்.

ஸபோஹத் அபா ஒரு குச்சியால் பாதையோரத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். "உன் லாரி இங்க விட்டை போட்டிருக்கு, வந்து பாரு."

கழுதை விட்டை. காய்ந்தது, பழையது, அதற்கும் பழையது. டயர் தடம் எங்கும் இல்லை. என் லாரி அத்தோடு ஒழிந்தது.

பிறகு அவர் மண்மேட்டின் அருகில் குந்தி உட்கார்ந்தார். உடைந்த சுவரின் மண்ணுக்குள் வைக்கோல் துணுக்குகளும், நீல மெருகு பூசிய ஓட்டுச் சில்லுகளும் கலந்து கிடந்தன. மேட்டுக்குப் பின்னால் சுட்ட செங்கல்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன.

"இது என்ன, ரஜப்?"

"செங்கல்."

"எப்படி இருக்கு?"

"அருமையா இருக்கு. எங்க மச்சான் பார்த்தான்னா குளியலறைக்கு வேணும்னு கேட்பான்."

"மாடத்தைச் சுத்தி இருந்த செங்கல் இது. கோட்டையிலேயே விலை போகிற சரக்குன்னா இது ஒண்ணுதான். திருடன் இதையெல்லாம் விட்டுட்டு, நடுவுல இருந்த வெறும் மண்ணை மட்டும் அள்ளிட்டுப் போயிருக்கான்."

"நகைக்கடையில புகுந்து, நகையை விட்டுட்டு அட்டைப்பெட்டியைத் தூக்கிட்டுப் போன மாதிரி."

"ஆமா. அப்ப அவனுக்கு வேண்டியது அட்டைப்பெட்டி. அது யாருக்கு உபயோகப்படும்னு யோசி." அபா திரும்பினார். "செங்கல்லை அடுக்கினது யாரு, அமக்?"

"நான்தான்." அன்று காலையில் அவர் பேசிய முதல் வார்த்தை அது. "கீழ விழுந்து கிடந்துச்சு. மழையில நனையக் கூடாதேன்னு எடுத்து வெச்சேன்."

"விழ வெச்சது யாரு?"

அவர் பள்ளத்தாக்கைப் பார்த்தார். கீழே ஸராஃப்ஷான் ஆறும், அதன் கரையில் ஊரின் பச்சை வயல்களும்.

"அப்பா, சொல்லுங்களேன்," என்றாள் ஸும்ராத்.

"எனக்குத் தெரியாதும்மா."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். காது மடல் வரை சிவந்துவிட்டது.

*

ஊர்த்தலைவர் தோலிப் ரயிஸ் எங்களை வாசலுக்கே வந்து வரவேற்றார். கனத்த ஆள், கனத்த குரல். ஸும்ராத்துக்கு மாமனாராக இருந்திருக்க வேண்டியவர் இவர். ஊரார் போலீஸுக்குக் கொடுத்த புகார் மனுவில் முதல் கையெழுத்தும் இவருடையது. திராட்சைப் பந்தலுக்குக் கீழே விரிப்புப் போட்டு, மரத்தட்டில் குருத்தோப் வந்தது. பிய்த்துப்போட்ட ரொட்டிமேல் தயிர்க்கரைசலை ஊற்றி, அதன்மேல் வெங்காயத்தை அள்ளிப் போட்டிருந்தார்கள். வெட்டிய முலாம்பழமும் வந்தது. நான் பேச்சைக் குறைத்து வாயை வேறு வேலைக்குப் பயன்படுத்தினேன்.

"அவனும் நானும் ஒரே பெஞ்சுல உட்கார்ந்து படிச்சவங்க, அபா," என்றார் ரயிஸ். "இதைச் சொல்றதுக்கே எனக்கு வெட்கமா இருக்கு. கல்லை வித்திருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். அது தொழுகைச் சுவரு. அல்லாஹ்வோட வீட்டுச் சுவரு. அதை வித்துத் தின்னவன் வீட்டுப் பொண்ணு எங்க வீட்டு அடுப்புகிட்ட வரக் கூடாது."

"வித்ததை நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா என்ன? சாவி அவன்கிட்ட. சுவரு இல்ல. கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறான். தப்பு செய்யாதவன் எதுக்குப் பேசாம இருக்கணும்?"

அவர் நடிக்கவில்லை என்பதை நான் சத்தியம் செய்து சொல்வேன். கண் கலங்கியிருந்தது. நான் அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன், முலாம்பழத்தின் பக்கமும் சாய்ந்துவிட்டேன். அப்படி ஒரு இனிப்பை நான் அதுவரை தின்றதில்லை. வெட்கத்தை விட்டு இன்னொரு துண்டு கேட்டு வாங்கினேன்.

"எந்த நிலத்துப் பழம், ரயிஸ்?" என்று அபா சாதாரணமாகக் கேட்டார்.

"ஆத்து மேட்டு நிலம். வெறும் கூழாங்கல்லு. எங்கப்பா காலத்துல அதுல முள்ளுச்செடி கூட வராது."

"இப்ப?"

பழம் வெட்டிய கத்தி ஒரு கணம் நின்றது. "உழைப்புதான், அபா."

"உழைப்பை நான் நிறைய இடத்துல பார்த்திருக்கேன். இவ்வளவு இனிப்பாப் பார்த்ததில்ல. அந்த நிலத்தைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

ரயிஸ் தனக்கு வேலை இருப்பதாகச் சொன்னார். வழியை மட்டும் காட்டினார்.

*

காலையில்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். ஈரம் மண்ணைக் கழுவி விட்டிருந்தது. முலாம்பழக் கொடிகளுக்கு நடுவில் ஏதோ மின்னியது. அபா குனிந்து எடுத்து, தலைத்துணியின் ஓரத்தில் துடைத்தார். நீல மெருகு, அதில் பாதி பூ. மலை மேல் பார்த்த அதே ஓட்டுச் சில்லு.

"பழைய சுவர் மண்ணு," என்றார். "உரம் ஊறிப்போன மண்ணு. ஆடும் மாடும் மனுஷனும் தலைமுறை தலைமுறையா புழங்கின இடமில்லையா. அதை அள்ளி நிலத்துல போட்டா கூழாங்கல்லுகூடக் காய்க்கும். அந்தக் காலத்துல இங்கெல்லாம் எல்லாரும் செஞ்ச வேலைதான், நான்தான் மறந்துட்டேன். நாம ரெண்டு பேரும் நகரத்துக்காரங்களாப் போயிட்டோம்."

எனக்குள் பட்டாசு வெடித்தது. "அப்ப மாப்பிள்ளையோட அப்பாவே திருடன். பிடிச்சாச்சு அபா. வாங்க, லெப்டினன்ட் வர்றதுக்குள்ள போய்..."

"ஓடாதே. கண்ணால அளந்து பாரு. இந்த ஒரு துண்டு நிலத்துக்கு அவ்வளவு பெரிய சுவரா?"

வாய்க்காலைத் தாண்டினோம். அடுத்தது வெங்காய வயல், வேறொருவருடையது. அங்கேயும் நீலம். அதற்கடுத்தது உருளைக்கிழங்கு. அங்கேயும் நீலம். ஓர் இடத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண் எங்களைப் பார்த்ததும் காலடியில் மின்னிய சில்லின்மேல் செருப்பை வைத்து மறைத்துக்கொண்டு, நல்லா இருக்கீங்களா, பிள்ளைங்க நல்லா இருக்காங்களா என்று விசாரித்தாள். இன்னொரு வயலில் ஒருவர் நாங்கள் கேட்காமலே ஆப்ரிகாட் பழங்களை என் கையில் திணித்தார். நான் வாங்கிக்கொண்டேன், தின்னப் பிடிக்கவில்லை. வரப்பிலேயே வைத்துவிட்டேன்.

கடைசி வயலுக்கு வரும்போது என்னிடம் சொல்வதற்கு ஜோக் எதுவும் மிச்சமில்லை.

"எல்லாருமா, அபா?"

"இன்னும் ஒரு தோட்டம் பாக்கி இருக்கு."

அது மிர்ஸோவலி அமக்கின் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. கைக்குட்டை அளவு நிலம். நீலமில்லை, மின்னல் இல்லை. வெளிறிப்போன வெங்காயத்தாள்கள் தலைசாய்ந்து நின்றன. அபா ஒன்றைப் பிடுங்கினார். கோலிக்குண்டு அளவில் ஒரு வெங்காயம் வேரோடு வந்தது.

"சுவரைத் திருடினவன்னு யாரை இந்த ஊர் சொல்லுதோ, அவன் தோட்டத்துல மட்டும் ஒண்ணுமே விளையல," என்றார். "கேஸ் முடிஞ்சுது, ரஜப்ஜோன்."

வழக்கு முடிந்தால் அபா ஒரு சிகரெட் கேட்பார். அன்று கேட்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து அந்த வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு பேரையும் எந்த ஜீப்புல ஏத்தறது?" என்றார் கடைசியில்.

*

லெப்டினன்ட் ஷோதி மீசை சரியாக முளைக்காத வாலிபர். மிர்ஸோவலி அமக்கின் முற்றத்தில், முசுக்கட்டை மரத்தடி மரக்கட்டிலில் அவர் உட்கார்ந்தார். சாட்சி சொல்லத் தோலிப் ரயிஸும் ஊரின் பெரிய மனிதர்களும் தொழுகை முடித்து நேராக வந்திருந்தார்கள். கைது செய்ய வந்தாலும் விருந்தாளி விருந்தாளிதான். ஸும்ராத் ஒவ்வொருவருக்கும் தேநீர் கொடுத்தாள், ரயிஸுக்கும் கொடுத்தாள். மிர்ஸோவலி அமக் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, ஒரு சின்ன மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். அந்த மூட்டையைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"கிளம்பலாமா, அமக்?" என்றார் லெப்டினன்ட், சங்கடத்தோடு.

"ஒரு நிமிஷம் பொறுங்க, தம்பி," என்றார் ஸபோஹத் அபா. விரிப்பில் ரொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு வெங்காயங்களை வைத்தார். ஒன்று கைக்கு அடங்காதது. ஒன்று கோலிக்குண்டு. "பெரிசு, தோலிப் ரயிஸ் வீட்டுச் சமையல்கட்டுல கேட்டு வாங்கினது. சின்னது இந்த வீட்டுத் தோட்டத்துல பிடுங்கினது. ரெண்டும் ஒரே ஆத்துத் தண்ணி, ஒரே வெயில்."

"வெங்காயத்துக்கும் சுவருக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் ரயிஸ். குரலில் காலையில் இருந்த கனம் இல்லை.

"நான் யார்கிட்டயும் கேள்வி கேக்கப் போறதில்ல. யாரும் கையைத் தூக்கவும் வேண்டாம். உங்க வீட்டு வெங்காயம் இந்தச் சின்ன வெங்காயம் மாதிரி இருந்தா, நிமிர்ந்து என் முகத்தைப் பாருங்க. அது போதும்."

ஒருவரும் நிமிரவில்லை.

முற்றம் முழுக்கத் தொப்பிகள் மட்டுமே தெரிந்தன. லெப்டினன்ட் ஒன்றும் புரியாமல் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவர் தொண்டையைக் கனைத்தார். இன்னொருவர் விரிப்பின் ஓரத்து நூலைத் திரித்துக்கொண்டிருந்தார். பிறகு வேலியோரம் உட்கார்ந்திருந்தவர் மெதுவாகச் சொன்னார், "ஒரே ஒரு கழுதைச் சுமைதான்."

"நானும் ஒரே ஒரு சுமைதான்," என்றார் பக்கத்திலிருந்தவர். சொன்ன பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீயுமா?"

"வசந்தத்துக்கு வசந்தம் ஒரு சுமை. பொண்டாட்டி வெங்காயப் பாத்திக்குன்னு கேட்டா."

"நான் மட்டும்தான்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்."

அப்படி ஆளுக்கு ஒரு சுமையாக ஒரு பள்ளிவாசலே மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறது. தான் எடுத்தது ஒரு சுமைதான், மிச்சச் சுவர் எங்கே போனது என்று ஒவ்வொருவரும் யோசித்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் மனசாட்சியோடு மிர்ஸோவலியைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். மனுவில் இருந்த கையெழுத்துகளில் ஒன்றுகூடப் பொய்க் கையெழுத்து இல்லை.

"இவங்களை எதுக்கு உள்ள விட்டீங்க, அமக்?" என்று லெப்டினன்ட் கேட்டார்.

மிர்ஸோவலி அமக் மூட்டையின் முடிச்சைப் பார்த்தபடி பேசினார். "முதல்ல ஒருத்தர் வந்தார். வேண்டியவர். ஒரு சுமைதானேன்னு விட்டேன். அப்புறம் ரெண்டாவது ஆள் வந்து கேட்டார். முடியாதுன்னா, அவருக்கு மட்டும் குடுத்தியான்னு கேட்பார். அவர் எடுத்தது இவருக்குத் தெரியாது. நான் எப்படி அவர் பேரைச் சொல்லுவேன்? அதனால அவருக்கும் விட்டேன். மூணாவது ஆள்கிட்ட ரெண்டு பேரைக் காட்டிக் குடுக்க வேண்டியிருந்துச்சு." நிறுத்தினார். "அந்த மாடத்துக்கு முன்னாடிதான் நான் தினமும் தொழுவேன். சுவர் இறங்க இறங்க எனக்கு ஆறு தெரிய ஆரம்பிச்சுது. ஒரு தடவை முடியாதுன்னு சொல்லியிருக்கணும். சொல்ல வெட்கமா இருந்துச்சு. அதனால நான்தான் குற்றவாளி. கூட்டிட்டுப் போங்க, தம்பி."

"முதல்ல வந்த வேண்டியவர் யாரு?" என்றார் லெப்டினன்ட்.

மிர்ஸோவலி அமக் முடிச்சை இன்னும் இறுக்கினார். அவர் பெயரைச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை. தோலிப் ரயிஸின் முகம் வெந்த பீட்ரூட் நிறத்துக்குப் போயிருந்தது.

அப்போது வேலியோரத்து மனிதர் யாரிடம் என்றில்லாமல் கேட்டார். "தொழுகைச் சுவருன்னு நமக்குத் தெரியாதே. நான் அதைச் சாணியோட கலந்துல்ல போட்டேன்?"

எல்லாரும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்ப மாட்டிக்கொள்ள மறந்து கையிலேயே வைத்திருந்தார். நான் காலையில் கேட்டு வாங்கித் தின்ற முலாம்பழமும் அந்த மண்ணில் விளைந்ததுதான்.

லெப்டினன்ட் தன் பையை மூடினார். கூட்டத்தில் ஒருவரை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டார். "எங்க மாமனார் வீடு இந்த ஊர்தான்," என்றார் அபாவிடம், கிசுகிசுப்பாக. "போன வாரம்தான் ஒரு சாக்கு வெங்காயம் குடுத்தனுப்பினாங்க."

"நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப," என்றார் அந்தப் பாவம்.

பிறகு அதிகாரக் குரலைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "மிர்ஸோவலி அமக் வர வேண்டாம். நாளைக்கு ரயிஸ் ஆபீசுக்கு வந்து, சுவரை எடுத்தது ஊர்தான்னு ஊர் பேருல எழுதிக் குடுக்கணும். எல்லார் கையெழுத்தும் வேணும். அந்த மனுவுல போட்ட அதே ஆட்கள்."

ரயிஸ் தலையாட்டினார். அந்த ஊரில் அவர் குரலுக்கு எப்போதும் ஒரு முடிவுரை உண்டு. அதை இப்போதும் அவர் விடவில்லை.

"நடந்தது நடந்துபோச்சு, மிர்ஸோவலி," என்றார். "எனக்கு உன்மேல வருத்தமில்ல. ஸும்ராத் எங்க வீட்டுப் பொண்ணுதான். பையனும் அவளையே நினைச்சிட்டு இருக்கான். அறுவடை முடியட்டும், கல்யாணத்தை வெச்சுக்கலாம்."

மன்னிக்கிறவர் மாதிரி சொன்னார். மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று முனகினார்கள். இந்த ஒரு நல்ல காரியத்தால் எல்லாம் மூடிப்போய்விட்டால் தேவலை என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. என் முகத்திலும் இருந்திருக்கும்.

மிர்ஸோவலி அமக்கின் உதடு அசைந்தது. அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். கேட்டவர்களுக்கு ஒருநாளும் முடியாது என்று சொல்லாத மனிதர்.

அதற்குள் ஸும்ராத் வந்து ரயிஸின் முன்னால் மண்டியிட்டு, காலியாக இருந்த அவர் கிண்ணத்தை எடுத்தாள். எங்கள் பக்கம் விருந்தாளியின் கிண்ணத்தில் அடி மறைகிற அளவுக்குத்தான் தேநீர் ஊற்றுவோம். தீரத் தீர மறுபடி ஊற்றுகிறோம், உட்கார்ந்திருங்கள் என்று அதற்குப் பொருள். நிறைத்துக் கொடுத்தால், இதைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று பொருள். அதை யாரும் வாயால் சொல்வதில்லை. செய்கிறவர்களையும் நான் அதிகம் பார்த்ததில்லை.

அவள் ஊற்றினாள். பாதி வந்தது, முக்கால் வந்தது, அவள் நிறுத்தவில்லை. விளிம்போடு விளிம்பாகத் தேநீர் நின்றதும் கெண்டியை நிமிர்த்தினாள். இடது கையை நெஞ்சில் வைத்து, வலது கையால் ஒரு சொட்டுச் சிந்தாமல் அவர் முன்னால் வைத்தாள்.

"குடிங்க, அமக்," என்றாள். மரியாதையான குரல்.

மகளைப் பார்த்த மிர்ஸோவலி அமக் வாயை மூடிக்கொண்டார். மூட்டையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார்.

ஊரே பார்த்துக்கொண்டிருக்க, ரயிஸ் அந்தக் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தார். கொதிக்கக் கொதிக்க விரல்மேல் வழிந்தது. குடிக்காமல் எழுந்தால் அது இன்னும் கேவலம். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் எழுந்து செருப்பைத் தேடினார். ஒரு செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். மற்றவர்கள் தங்களுக்கும் கெண்டி வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டார்கள்.

ஸும்ராத் எங்கள் பக்கம் வந்தாள். ஸபோஹத் அபாவின் கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றினாள். பிறகு என்னுடையதை எடுத்து விளிம்பு வரை நிறைத்து, என் முன்னால் வைத்தாள்.

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று பார்த்தேன். காலையில் அவள் அப்பாவிடம் நான் கேட்ட லாரிதான் ஞாபகத்துக்கு வந்தது. அபா தன் கிண்ணத்தை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார்.

குடித்து முடித்துவிட்டு, காரில் போய் உட்கார்ந்தேன்.